கொல்லாமை மட்டும் போதுமா?

பூரணை நாள்தோறும் நாம் விகாரையில் கூடுகின்றோம். முச்சரணம் அடைந்து பஞ்சசீலம் ஏற்கின்றோம். அவற்றுள் முதலாவது உயிர்க்கொலையினின்று விலகி நிற்பதாகும். வாய் அதனை எளிதாகச் சொல்லிவிடுகின்றது. சொன்ன வாயோடு வீடு திரும்பி, மறுநாட் காலையில் வேலைக்குப் போகும்போதுதான் அதன் பாரம் தெரிகின்றது. அவ்வாறு பாரம் தெரிந்த ஓர் உபாசகர் கேட்ட கேள்வியையும், அவருடைய மகன் கேட்ட கேள்வியையும் நம் வாசகர்முன் வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அந்த உபாசகர் கோலார் தங்கவயலைச் சேர்ந்தவர். 2001-இல் சுரங்கங்கள் மூடப்பட்டபின், அவ்வூர் மக்கள் பலரைப் போல அவரும் விடியுமுன் இரயிலேறிப் பெங்களூர் சென்று, இருட்டியபின் வீடு திரும்புகின்றார். அங்கே ஒரு மாளிகையில் தோட்ட வேலை அவருக்கு. வாயிற்படியின் இரு மருங்கிலும் சைக்கஸ் செடிகள் நிற்கின்றன. குறும்பனை போலத் தோன்றினும் பனையன்று அது. பூவாத தொன்மையான தாவரக் குலத்தது. ஆண்டில் ஓரிரு முறை அதன் நடுக்குருத்திலிருந்து இளமடல்கள் ஒருசேர எழும். அப்படி எழுந்த இளமடல்களைப் புழுக்கள் அரிக்கக் கண்ட வீட்டார், மருந்து தெளிக்கும்படி ஆணையிட்டனர். அவர் ஒரே ஒரு மடலை வெட்டி ஈரத்துணியில் சுற்றித் தம் பையில் வைத்துக்கொண்டு, எஞ்சியவற்றின்மேல் மருந்தைத் தெளித்தார். வெட்டிய மடலை மகனிடம் கொடுத்தார். ஞாயிறுதோறும் நம் தம்ம வகுப்புக்கு வரும் அச்சிறுவன் அதனை ஒரு கண்ணாடிச் சாடியில் இட்டு வளர்க்கலானான்.

மூன்று வாரம் கழித்து இருவரும் என்னிடம் வந்தனர். மகனுடைய கேள்வி: “ஐயா, இந்தப் பூச்சியை நான் அடைத்து வைத்தது தவறா?” தந்தையின் கேள்வி அதனினும் கனமானது: “ஒன்றிரண்டைக் காப்பாற்றினேன், மீதியை என் கையாலேயே கொன்றேன். என் சீலம் உடைந்ததா, இல்லையா?”

இரண்டுக்கும் உடனே விடை சொல்ல எனக்கு இயலவில்லை. எண்ணிப் பார்த்தபின் எனக்குத் தோன்றியவற்றை இங்கு எழுதுகின்றேன்.

சாடிக்குள் நிகழ்ந்தது

முதலில் அப்பூச்சியின் வாழ்க்கையை அறிந்துகொள்வோம். அறியாமல் இரங்குவது அரைகுறை இரக்கம்.

அது நீலச் சிறு வண்ணத்துப்பூச்சிகளின் குடும்பத்தைச் சேர்ந்தது. விலங்கியலார் அதற்கு இட்ட பெயர் சிலாடெஸ் பாண்டவா. விரித்த சிறகின் அகலம் ஏறக்குறைய மூன்று சென்டிமீட்டரே. ஆணின் மேற்புறம் ஊதா கலந்த நீலம். பெண்ணின் சிறகில் நீலம் குறைந்து பழுப்பு மிகும். சிறகை மூடி அமர்ந்தால் சாம்பல் நிறமும் புள்ளிகளும் மட்டுமே தோன்றும். பின்சிறகின் ஓரத்தில் ஆரஞ்சு நிறம் சூழ்ந்த ஒரு கரும்புள்ளியும், நூலிழை போன்ற சிறு வாலும் உண்டு.

தாய்ப்பூச்சி சைக்கஸ் செடியின் இளங்குருத்தை நாடி வந்து முட்டைகளை ஒவ்வொன்றாக ஒட்டுகின்றது. முட்டை கடுகினும் சிறியது, தட்டையானது, வெளிறிய பச்சை நிறமுடையது. சில நாளில் அதிலிருந்து வெளிப்படும் புழு இளந்தளிரைச் சுரண்டித் தின்னத் தொடங்கும். இலை முற்றி விறைத்துவிட்டால் அதற்குப் பல் நுழையாது. ஆகவே மடல் விரிந்து முற்றுவதற்குள் அது உண்டு வளர்ந்தாக வேண்டும். அதன் வாழ்வு முழுதும் அந்தச் சில நாட்களுக்குள் அடங்கியது. புழு பச்சையாகவும் இருக்கும், செம்பழுப்பாகவும் இருக்கும். பின்பு உண்பதை நிறுத்தி, ஒதுக்கிடம் தேடிக் கூட்டுப்புழுவாகி, ஒரு வாரம் அளவில் அசைவற்றுக் கிடந்து சிறகுடன் வெளிவரும். முட்டை தொடங்கிச் சிறகு விரிவது வரை ஏறத்தாழ மூன்று வாரம்.

சிறுவன் மடலைச் சாடியில் இட்டபோது, அதன்மேல் எறும்புகள் ஊர்வதைக் கண்டான். புழுவைத் தின்ன வந்த பகைவர் என்று எண்ணி அவற்றைத் துடைத்து வெளியே விட்டான். உண்மை வேறு. இப்புழுவின் முதுகின் பின்பகுதியில் இனிய நீர் சுரக்கும் உறுப்பு ஒன்று உண்டு. எறும்புகள் அந்நீரைப் பருகும். பருகுவதற்காகப் புழுவை விட்டு அகலாது சுற்றி நிற்கும். அவை நிற்பதால் புழுவின் உடலில் முட்டையிட வரும் குளவிகள் நெருங்க அஞ்சும். அவன் பகைவரென்று துரத்தியது காவலரை!

எட்டுப் புழுக்களுள் ஐந்து சிறகு பெற்றன. இரண்டு வாடி இறந்தன. எஞ்சிய ஒன்றின் கூட்டிலிருந்து வண்ணத்துப்பூச்சி வரவில்லை. ஒரு சிறு குளவி வந்தது. மடலை வெட்டுமுன்பே அப்புழுவின் உடலுள் குளவி தன் முட்டையை இட்டிருந்தது போலும். சிறுவன் அழுதான். அக்குளவியை நசுக்கக் கையை ஓங்கி, பின்பு என்ன நினைத்தானோ, சாடியைத் திறந்துவிட்டான்.

இவ்வளவும் நிகழ்ந்தது ஒரு கண்ணாடிச் சாடிக்குள். ஆயினும் உலகில் உயிரோடு உயிர் பின்னிக் கிடக்கும் பின்னல் அத்தனையும் அதனுள் இருந்தது. பூச்சிக்கு இலை இரை. குளவிக்குப் பூச்சி இரை. எறும்புக்குப் பூச்சி உறவு. இதில் யாருக்காக யாரைத் தடுப்பது?

வேலி போட்ட கருணை

இதே கேள்வி ஒரு தேசத்தின் அளவில் எழுந்த வரலாறு ஒன்று உண்டு. இங்கிலாந்தில் ‘பெரிய நீலம்’ எனப்படும் வண்ணத்துப்பூச்சி வாழ்ந்தது. பெயரில்தான் பெரியது, அதுவும் உள்ளங்கைக்குள் அடங்குவதே. அதன் அழகைக் கண்டு, பூச்சி சேர்ப்போர் அதனை வேட்டையாடினர். அது குறைந்துகொண்டே வந்தது. இரக்கமுள்ளோர் சிலர், வேட்டைக்காரர் நுழையாதபடி அது வாழ்ந்த நிலத்துக்கு வேலியிட்டனர். வேலிக்குள் மனிதர் நுழையவில்லை. ஆடு மாடுகளும் நுழையவில்லை. மேய்ச்சல் நின்றது; புல் உயர்ந்தது. காப்பாற்றப்பட்ட இடத்திலேயே பூச்சி மறைந்தது.

காரணம் பிற்காலத்தில்தான் விளங்கிற்று. அப்பூச்சி தைம் என்னும் மணச்செடியின் பூமொட்டில் முட்டையிடும். புழு இரண்டு மூன்று வாரம் பூவைத் தின்று, பின்பு தரையில் விழுந்து கிடக்கும். அதன் மணமும் வடிவும் எறும்புக் குஞ்சினுடையவை போல இருப்பதால், எறும்பு அதனைத் தன் குஞ்சென்று மயங்கிப் புற்றுக்குள் தூக்கிச் செல்லும். உள்ளே சென்ற புழு செய்வது யாது? அவ்வெறும்புகளின் குஞ்சுகளையே தின்று, ஒன்பது பத்து மாதம் வளர்ந்து, அங்கேயே கூட்டுப்புழுவாகி, கோடையில் வெளியே ஊர்ந்து வந்து சிறகு விரிக்கும்.

ஜெரமி தாமஸ் என்னும் அறிஞர் 1970-களில் ஆண்டுக்கணக்காக அந்நிலத்தில் இருந்து ஆராய்ந்து, எல்லா எறும்பும் இதற்கு உதவா என்றும், மிர்மிகா சபுலெட்டி என்னும் ஒரே இனத்தின் புற்றில்தான் அப்புழு நன்கு பிழைக்கும் என்றும் கண்டார். அவ்வெறும்புக்கு வெயில் படும் சூடான தரை வேண்டும். புல் சில சென்டிமீட்டர் உயர்ந்தாலே தரை குளிர்ந்து, வேறு எறும்பு அவ்விடத்தைக் கைக்கொள்ளும். 1950-களில் மிக்சோமடோசிஸ் என்னும் நோயால் முயல்கள் பெருவாரியாக மடிந்தபோது, புல்லைக் கறித்துக் குறுக்கி வந்த அவற்றின் உதவியும் போயிற்று. அறிவு வந்து சேருமுன் காலம் கடந்துவிட்டது. 1979-இல் அந்நாட்டில் அப்பூச்சி முற்றிலும் அற்றுப்போயிற்று.

அதன்பின் மேய்ச்சலை மீண்டும் ஒழுங்குசெய்து நிலத்தைத் திருத்தினர். 1983 முதல் சுவீடனிலிருந்து முட்டையும் புழுவும் கொணர்ந்து விட்டனர். இன்று சாமர்செட், கிளாஸ்டர்ஷயர் ஆகிய மாவட்டங்களின் குன்றுச் சரிவுகளில் அது மீண்டும் பறக்கின்றது. கிளாஸ்டர்ஷயரில் ரோட்பரோ காமன் என்னுமிடத்தில் 2019-இல் 1,100 புழுக்களைத் தைம் பூக்களில் வளர்த்து விட்டனர். அடுத்த ஆண்டு கோடையில் அங்கே அது பறந்தது. அவ்விடத்தில் அது கடைசியாகக் காணப்பட்டு 150 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இவ்வரலாற்றில் நமக்குரிய பாடம் யாது? வேலியிட்டவர் கொல்லவில்லை, கொல்வோரையும் தடுத்தனர். முதற்சீலத்தின் எழுத்தின்படி அவர் பிழை செய்தவரல்லர். ஆனால் அவர் காத்த உயிர் அவர் கண்முன்னே அழிந்தது. கருணை இருந்தது, பிரக்ஞை இல்லை. பௌத்தத்தில் கருணையையும் பிரக்ஞையையும் பிரித்து நிறுத்துவதில்லை. பறவைக்கு இரு சிறகு போன்றவை அவை. ஒன்று மட்டும் அசைந்தால் பறவை ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்.

பகவன் வகுத்த விநயத்திலேயே இதற்குச் சான்றுண்டு. பிக்கு வைத்துக்கொள்ள இசைவு பெற்ற எட்டுப் பொருள்களுள் நீர்வடிகட்டி ஒன்று. ‘நீரிலுள்ள நுண்ணுயிர்க்கு இரங்குக’ என்று சொல்லி நிறுத்தாமல், இரக்கம் கைக்கு வருவதற்கு ஒரு துணித்துண்டையும் கொடுத்தார். அவ்வாறே, மழைக்காலத்தில் பிக்குகள் பசும்புல்லையும் சிற்றுயிர்களையும் மிதித்து நடக்கின்றனர் என்று மக்கள் குறைகூறியபோது, மூன்று மாதம் ஓரிடத்தில் தங்குமாறு விதித்தார். குறைகூறியவர் பாமர மக்கள். அவர் சொல்லைக் கேட்டு விதியமைத்தவர் ததாகதர்! எந்தச் செயல் எவ்வுயிரை எவ்வாறு தீண்டுகின்றது என்று பார்த்து, அதற்கேற்ப வழக்கத்தை மாற்றிக்கொள்வதே அவர் காட்டிய கொல்லாமை.

பிறப்பால் தீயது உண்டோ?

சிறுவன் குளவியை வெறுத்தான். பெரிய நீலத்தின் கதையைக் கேட்டபின் அவனே, “எறும்புக் குஞ்சைத் தின்னும் பூச்சியை ஏன் காக்க வேண்டும்?” என்றான். நல்ல கேள்வி. எறும்பின் பக்கம் நின்று பார்த்தால் அந்த அழகிய நீலம் ஒரு கொள்ளைக்காரன்.

இன்னும் ஒன்று சொன்னேன். அவன் சாடியில் வளர்ந்த அதே பாண்டவா இனம், சைக்கஸ் செடிகளை அழகுக்காக நாடுவிட்டு நாடு கொண்டுசென்ற மனிதரின் வணிகத்தால் கடல் கடந்தது. 2005-இல் பசிபிக் மாகடலிலுள்ள குவாம் தீவில் அது காணப்பட்டது. அத்தீவில் இயல்பாக வளரும் காட்டு சைக்கஸ் மரங்கள் இப்பூச்சியை முன்பின் அறியாதவை. இரண்டாண்டு முன்னதாகவே அங்கு வந்து சேர்ந்திருந்த ஒரு செதிற்பூச்சி அவற்றை உறிஞ்சிக்கொண்டிருக்க, இதுவும் சேர்ந்து ஒவ்வொரு புதுக் குருத்தையும் தின்றது. மரங்கள் பெருமளவில் மடிந்தன. 2015-இல் அம்மரத்தை அழிவை நோக்கிச் செல்லும் இனங்களுள் ஒன்றாக அமெரிக்க அரசு பட்டியலிட்டது.

பெங்களூர்த் தோட்டத்தில் நாலு இலையைக் கடிக்கும் எளிய பூச்சி, குவாமில் ஒரு காட்டை அழிக்கும் பூச்சி. பூச்சி மாறவில்லை, அதே முட்டை, அதே புழு, அதே சிறகு. மாறியது சார்பு. எதனைச் சார்ந்து எது தோன்றுகின்றது என்று பார்ப்பதே பகவன் கண்ட சார்பிற்றோற்றம். இப்பூச்சி நல்லதா தீயதா என்று கேட்பவன் தவறான கேள்வி கேட்கின்றான். எந்நிலையில், எவரோடு, எவர் கொண்டுவந்து விட்டதால் என்று கேட்பவனுக்கே விடை கிடைக்கும்.

பிறப்பைக் கொண்டு ஒருவனை உயர்ந்தோன் தாழ்ந்தோன் என்று முத்திரையிட்ட சமூகத்திலிருந்து வெளியேறி வந்தவர் நாம். பிறப்பிலேயே தூய்மை உண்டு, பிறப்பிலேயே தீட்டு உண்டு என்பாரை மறுத்துத்தான் தம்மத்தைத் தழுவினோம். அப்படித் தழுவிய நம் வீட்டுப் பிள்ளை, ஒரு குளவியைப் பார்த்து ‘இது பிறவியிலேயே கொடியது’ என்று சொல்வானாயின், நாம் விட்டுவந்த பழைய மூட்டையை அவன் அறியாமலே சுமக்கின்றான் என்றுதான் பொருள். குளவி தன் பசிக்கு வாழ்கின்றது. அதற்குச் சீலம் இல்லை. ஆகவே சீலக்கேடும் இல்லை. தேர்ந்து செய்யும் ஆற்றல் மனிதனுக்கே உண்டு, பொறுப்பும் அவனுக்கே.

கொல்லாதவர் யார்?

இனித் தந்தையின் கேள்விக்கு வருவோம்.

உரையாசிரியர்கள் கொலை நிறைவுறுவதற்கு ஐந்து உறுப்புகள் கூறுவர்: உயிர் இருத்தல், உயிர் என்று அறிதல், கொல்லும் எண்ணம், அதற்கான முயற்சி, அதனால் சாவு நேர்தல். கண்பார்வையற்ற சக்குபாலத் தேரர் நடைபயிலும்போது பூச்சிகள் மிதிபட்டு இறந்தன. எண்ணம் இல்லாமையால் அவர்மேல் குற்றமில்லை என்று பகவன் கூறியதைத் தம்மபத உரையின் முதற்கதை சொல்லும். நம் உபாசகர் நிலை அதுவன்று. அவர் உயிர் என்று அறிந்தார், மருந்து கொல்லும் என்றும் அறிந்தார், தெளித்தார். ஆகவே ‘ஒன்றும் இல்லை, கவலற்க’ என்று நான் சொன்னால், அது அவருக்கு நான் செய்யும் மரியாதை ஆகாது. அவர் மனம் உறுத்துகின்றது, உறுத்துவது சரியே. அவ்வுறுத்தல் அவர் சீலம் உயிரோடு இருப்பதற்கு அடையாளம்.

ஆனால் அவ்வளவில் நிறுத்துவது அநீதி. அதே உரையாசிரியர்கள், தன் கையாற் கொல்வதோடு, பிறரை ஏவிக் கொல்விப்பதையும் கொலை என்றே எண்ணினர். ஆணையிட்டவர் மாளிகையின் உள்ளே இருந்தார். அவர் கையில் மருந்தின் நாற்றம் இல்லை. மாலையில் அவர் கைகழுவவும் தேவையில்லை. பூச்சி செத்ததை அவர் கண்டதும் இல்லை. செத்த பூச்சியைக் கூட்டி அள்ளியவர், அந்நஞ்சை மூச்சில் இழுத்தவர், இரவெல்லாம் தூங்காமல் ‘என் சீலம் உடைந்ததா’ என்று எண்ணியவர் தோட்டக்காரர்.

இந்தக் காட்சி நமக்குப் புதிதன்று. இந்நாட்டில் நெடுங்காலமாக நடந்தது இதுவே. தாம் எவ்வுயிரையும் கொல்லாதவர் என்று சொல்லிக்கொண்டோர் தோற்செருப்பு அணிந்தனர். தோல் போர்த்த முரசும் மத்தளமும் கேட்டு மகிழ்ந்தனர். செத்த மாட்டைத் தம் தொழுவத்திலிருந்து இழுத்துச் செல்ல ஒருவனை வைத்தனர். இழுத்துச் சென்றவனை ஊருக்கு வெளியே நிறுத்தினர். பயன் மேலே சென்றது. பழி கீழே வந்தது. அங்கே கொல்லாமை என்பது ஓர் அறமாக நிற்கவில்லை. ஒருவன் தலையில் பழியை ஏற்றிவிட்டுத் தான் தூயவன் என்று காட்டிக்கொள்ளும் ஆடையாக மாறிற்று. மாட்டிறைச்சி உண்டவரே தீண்டாதாராக ஒதுக்கப்பட்ட வரலாற்றை அண்ணல் அம்பேத்கர் 1948-இல் வெளியிட்ட ‘தீண்டப்படாதார்’ என்னும் நூலில் ஆராய்ந்தார். அவர்கள் பண்டைய பௌத்தரே என்பது அவர் துணிபு.

அவரே, மறைவுக்குப்பின் 1957-இல் வெளிவந்த ‘புத்தரும் அவர் தம்மமும்’ என்னும் நூலில் இக்கேள்வியை நேரே எடுத்துக்கொள்கின்றார். கொல்லாமையைப் பகவன் ஒரு நெறியாக வைத்தாரேயன்றி, கண்மூடிப் பின்பற்றும் விதியாக வைக்கவில்லை என்பது அவர் விளக்கம். கொல்ல வேண்டிய தேவை வேறு, கொல்லும் விருப்பம் வேறு என்று அவர் பிரிக்கின்றார். விதி மனிதனைக் கட்டும். நெறி மனிதனை எண்ணச் செய்யும்.

அந்த அளவுகோலை இங்கே வைத்துப் பார்ப்போம். மருந்து தெளிக்கும் தேவை இருந்ததா? பயிரை அழித்துக் குடும்பத்தைப் பட்டினி போடும் பூச்சியாயின், தேவை என்பதைப் பற்றி நாம் பேசலாம். இங்கே போகவிருந்தது வாயிற்படியின் அழகு. அதுவும் ஒரு பருவத்து மடலின் அழகு. அந்த வீட்டாருக்கு அது தேவையன்று. தோட்டக்காரருக்கோ தேவை இருந்தது. ஆணையை மறுத்தால் வேலை போகலாம், வேலை போனால் அடுப்பு எரியாது. ஆக, விருப்பம் ஒருவருடையது, தேவை மற்றொருவருடையது, செயலோ ஒன்றே. இதனை வினையின் தராசில் வைத்தால் தட்டு எப்பக்கம் தாழும் என்று வாசகரே அறிவர்.

ஆகாத வாணிபங்கள் ஐந்தினுள் நஞ்சு விற்றலையும் பகவன் சேர்த்தார் என்பதும் நினைவுகூரத்தக்கது. நஞ்சை விற்பவன், வாங்குபவன், தெளிக்கச் சொல்பவன் ஆகிய மூவரையும் தாண்டி, தெளித்த கூலியாளை மட்டும் நோக்கி விரல் நீட்டுவது தம்மமாகாது.

காப்பேன் என்ற உறுதி

ஆயினும் ‘பழி மேலே இருப்பவருக்கு’ என்று சொல்லி நம் கையைக் கழுவிக்கொள்வதற்காக நாம் பௌத்தராகவில்லை. 1956 அக்டோபர் 14-ஆம் நாள் நாகபுரியில் அண்ணல் அம்பேத்கர் தம் மக்களுக்கு அளித்த இருபத்திரண்டு உறுதிமொழிகளுள் ஒன்று, எல்லா உயிர்களிடத்தும் கருணை கொண்டு அவற்றைக் காப்பதைக் கூறுகின்றது. கொல்லேன் என்பதோடு அது நிற்கவில்லை, காப்பேன் என்கின்றது. கொல்லேன் என்பவன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கலாம். காப்பேன் என்பவன் கட்டிய கையை அவிழ்த்தாக வேண்டும். எப்படிக் காப்பது என்று கற்றாக வேண்டும்.

கற்கத் தொடங்கியவன் அச்சிறுவன். முற்றிய இலையை இப்புழு தின்னாது என்பதைச் சாடியில் கண்டவன் அவனே. “அப்படியானால் இலை முற்றும்வரை மூடி வைத்தால் போதாதா?” என்று அவன் தந்தையிடம் கேட்டான். அடுத்த முறை குருத்து எழுந்தபோது அவர் வீட்டுக்கார அம்மையாரிடம் தயங்கித் தயங்கி ஒரு சொல் சொன்னார்: “மருந்து வேண்டாம் அம்மா, பழைய கொசுவலைத் துணியால் மூன்று வாரம் மூடி வைக்கிறேன். இலை முற்றிவிட்டால் பிறகு பூச்சி அண்டாது.” அம்மையார் ஒப்புக்கொண்டார். மூடுமுன்பே இடப்பட்ட முட்டைகள் சில உள்ளே இருந்தன. ஓரிரு மடல்கள் கடிபட்டன. யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

இதிலும் ஒரு மறுப்பு எழலாம்: குருத்தை மூடியதால் தாய்ப்பூச்சிக்கு முட்டையிட இடம் இல்லாமற் போயிற்றே, அதுவும் தீங்கன்றோ? உண்மை. ஆனால் ஒரு கதவை மூடுவதும் வீட்டோடு கொளுத்துவதும் ஒன்றல்ல. அது வேறு செடியைத் தேடிப் போகும். தீங்கே இல்லாத வாழ்வு உடலெடுத்த எவர்க்கும் இல்லை. தீங்கை அறிந்து, அளந்து, குறைத்து வாழ்வதே நமக்கு இயல்வது. அவ்வாறு அளந்து பார்க்க மறுப்பவனே கொடியவன்.

மகனுடைய கேள்விக்கும் இங்கேயே விடை கிடைத்துவிட்டது. அடைத்து வைத்தது தவறா என்றான். அடைத்தது எதற்காக என்பதைப் பொறுத்தது அது. ‘என்னுடைய பூச்சி’ என்று வைத்திருந்தால், சாடி சிறை. அவனும் அதற்குள் ஒரு கைதி. பறக்கத் தக்க நாள் வரும்வரை நஞ்சினின்று மறைத்து வைத்திருந்தால், சாடி தொட்டில். இரண்டும் ஒரே கண்ணாடிதான். வேறுபாடு மூடியைத் திறக்கும் நாளில் தெரியும்.

அந்த நாளில் நானும் உடனிருந்தேன். காலை வெயில் ஏறியபின் அவன் மூடியை எடுத்தான். கூட்டிலிருந்து வந்த பூச்சியின் சிறகு முதலில் கசங்கிய துணி போல இருந்து, மெல்ல விரிந்து உலர்ந்தது. சற்றுநேரம் சாடியின் விளிம்பில் நின்றது; நீலம் ஒருமுறை தெரிந்தது; பின்பு இல்லை. “திரும்பி வருமா ஐயா?” என்றான். வராது என்றேன். அவன் முகம் வாடியது. சிறிது நேரம் கழித்து, சாடியைக் கழுவுவதற்கு எடுத்துக்கொண்டு போனான்.

மைத்திரியைத் தாயின் அன்புக்கு ஒப்பிடுகின்றது கரணீய மைத்திரி சூத்திரம். தாய் பிள்ளையைக் காப்பது தன்னிடம் வைத்துக்கொள்வதற்காக அன்று. ஒருநாள் அது தன் காலில் நடப்பதற்காக. வளர்த்தலின் அறம் அதுவே. உயிரை வளர்ப்பவர், பிள்ளையை வளர்ப்பவர், சங்கத்தை வளர்ப்பவர் அனைவர்க்கும் அது பொருந்தும்.

அந்த உபாசகருக்கு நான் இறுதியாகச் சொன்னதை நம் வாசகர்க்கும் சொல்லி முடிக்கின்றேன். சீலம் என்பது உடைந்தால் ஒட்டாத மட்கலம் அன்று. ஒவ்வொரு பூரணையிலும் நாம் மீண்டும் ஏற்பது அதனாலேயே. கொல்லாமையில் தொடங்குவோம். ஆனால் அது வாயிற்படி. அங்கேயே நின்றுவிட்டு உள்ளே புகுந்ததாக எண்ணிவிடலாகாது. எவ்வுயிர் எதனைச் சார்ந்து வாழ்கின்றது என்று கற்று, நம் கைக்கு எட்டிய அளவில் காத்து, காத்ததைப் பற்றாமல் விடுவோமாக. அதுவரையில் நம் சீலம் பாதியே.